பக்கம் புரண்ட பிறகு

ரிஸ்வானா வாசிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் முடித்ததும் அங்கயற்கண்ணியின் முறை. அதுவரைக்கும் நேரம் இருக்கிறது என்று அங்கயற்கண்ணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன மாத்திரத்தில் அந்த நேரம் ஒரு குளத்தைப்போல அறைக்குள் பரவி, மேசையின் கால்களையும் நாற்காலிகளின் சக்கரங்களையும் நனைத்துக்கொண்டு நின்றது. சரவணம்பட்டியில் நான்காம் மாடி, கண்ணாடி வைத்த அறை. வெளியே மருதமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்திருந்தார்கள். மேசை நடுவிலிருந்த புரொஜெக்டர் ரிஸ்வானா எழுதிய புரோகிராமை எதிர்ச் சுவரில் வெளிச்சமாக விரித்திருந்தது. எழுதியவரே தன் புரோகிராமை வரி வரியாக எல்லார் முன்னாலும் வாய்விட்டு வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அது வாடிக்கையாளரிடம் போகும். போன வருஷம் ஒரு தப்பு யார் கண்ணிலும் படாமல் வெளியே போய் மானத்தை வாங்கியதிலிருந்து குழுவின் தலைவன் திவாகரன் கொண்டுவந்த வழக்கம் இது. வெள்ளிக்கிழமை வாசிப்பு என்று பெயர். “கண்ணு ஏமாத்திப்போடுமுங்க, காது ஏமாத்தாது,” என்று அன்றைக்குச் சொன்னான். அங்கயற்கண்ணியைவிடப் பத்து வயது இளையவன். அவன் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்ல முடியாது. ரிஸ்வானா மாடிப்படியில் ஓடி இறங்குகிறவளைப்போல வாசிக்கிறாள். ஒரு படியைக்கூடப் பார்ப்பதில்லை. கால் தானாகப் போகிறது. அப்படி வாசிக்கிறவர்களைக் கண்டால் அங்கயற்கண்ணிக்கு இன்றைக்கும் பொறாமை வருவதில்லை, பறவையைப் பார்ப்பதுபோல ஒரு வியப்புத்தான் வரும். அவை பறக்கும், நாம் பறக்க மாட்டோம், அதற்காக யார் அழுவார்கள்? ஆனால் சின்ன வயதில் அழுதாள்.

எழுத்து நிற்காது. அவ்வளவுதான் விஷயம். நாற்பத்து மூன்று வயதில் இன்றைக்கும் நிற்காது. சுவரில் இருக்கிற வரியை அவள் பார்க்கிறாள். பார்க்கிறவரைக்கும் அது சும்மா கிடக்கிறது, வாசிக்கலாம் என்று நினைத்தவுடனே தண்ணீருக்குள் விரலை விட்டாற்போல எழுத்துகள் கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடுகின்றன. மறுபடி கூடுகிறபோது இடம் மாறிக் கூடுகின்றன. மீன் குஞ்சுகள். அங்கயற்கண்ணி என்றால் கயல்போன்ற கண் உடையவள் என்று அப்பா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். கயல் கண்ணுக்குள்ளேயே நீந்தினால் என்ன செய்வது என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. தன் பெயரைத் தானே தப்பில்லாமல் எழுத அவளுக்கு ஏழாம் வகுப்பு ஆயிற்று. தமிழில் கொம்பு ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தால் அப்போதெல்லாம் பென்சில் நின்றுவிடும். எழுதுகிறபோது முன்னால் வந்து நிற்கும், சொல்லுகிறபோது பின்னால் போய்விடும். அண்ணன் செல்வமணியிடம் ஒருநாள் கேட்டாள், “பின்னால சொல்றத எதுக்குடா முன்னால எழுதுறாங்க?” அவன், “ஏய், அது அப்படித்தான். உனக்கு மட்டும் என்னடி சந்தேகம், ஊரே எழுதுது,” என்றான். ஊரே எழுதுகிறது. ஆங்கிலம் வந்தபோது அங்கேயும் ஒரே குச்சியும் ஒரே வயிறும் நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி நின்று நான்கு எழுத்தென்று பெயர் சொல்லிக்கொண்டன. நாற்காலியை இப்படித் திருப்பினாலும் அப்படித் திருப்பினாலும் நாற்காலிதானே? எழுத்துக்கு மட்டும் எதற்கு இந்தப் பிடிவாதம்? கணக்கு மட்டும் அவளை விட்டு ஓடவில்லை. எண்கள் சில சமயம் புரளும், ஆனாலும் கணக்கின் போக்கு புரளாது. இது இருந்தால் அது வரும், அது வந்தால் இது போகும் என்கிற அந்த ஓட்டம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லைப்போல அசையாமல் கிடக்கும். அண்ணனுக்கு அது தெரியும். “என் கணக்கப் போட்டுக் குடு, உன் பாடத்த வாசிக்கிறேன்,” என்று பேசிக்கொண்டார்கள். மதுரையில் அந்த ஒற்றை அறையில் அவன் மல்லாந்து படுத்து வாசிப்பான், அவள் அவன் கணக்கைப் போட்டுக்கொண்டே காதைத் திறந்து வைத்திருப்பாள். பாடம் காது வழியாக உள்ளே போய்ப் படியும். இரண்டு தரம் கேட்டால் போதும். பிறகு எந்த வரியிலிருந்து கேட்டாலும் அங்கிருந்து சொல்வாள்.

இப்போது வாசிக்கிற அண்ணன் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறான். திரையில் இருப்பதை இயந்திரக் குரலில் சொல்லும் வசதி ஒன்று உண்டு, பார்வை இல்லாதவர்களுக்காக வைத்தது. அதைக் காதில் மாட்டிக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷமாக எழுதுகிறாள். குரலின் வேகத்தைக் கூட்டிக் கூட்டி இப்போது வேறு யார் கேட்டாலும் வண்டு ரீங்கரிப்பதாக நினைப்பார்கள். ஆபீசில் எல்லாரும் பாட்டு என்று நினைக்கிறார்கள். “அக்கா, எந்நேரமும் பாட்டுத்தானா? எங்களுக்கும் ஒண்ணு போடுங்களேன்,” என்பாள் ரிஸ்வானா. பழைய பாட்டும்மா, உனக்குப் பிடிக்காது, என்பாள் இவள். புரோகிராமில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஒழுங்காக, அர்த்தமாக, ஆங்கிலத்தில் வைக்கிறார்கள். எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கி, ஒரே நீளத்தில், ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட அக்கா தங்கைகளைப்போல வந்து நிற்கும். இவளுக்கு எது எது என்று தெரியாது. அதனால் காய்கறிப் பெயர் வைப்பாள். ஒன்றைப்போல ஒன்று இராது, காதிலும் தனித்தனியாக விழும். இப்போது அவள் எழுதியிருப்பது ஒரு ரத்த வங்கிக்கு. எந்தப் பை சீக்கிரம் காலாவதியாகுமோ அது முதலில் வெளியே போக வேண்டும். பைகளின் வரிசைக்கு முருங்கை. காலாவதி நாளுக்கு வெண்டை. மொத்த இருப்புக்குப் பூசணி. குழுவில் எல்லாருக்கும் இது ஒரு வேடிக்கை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சேவியர் நாகர்கோவில்காரன், இவள் வயசுதான், அவன் விடவே மாட்டான். “என்ன அங்கை, இண்ணைக்கு அவியலா கூட்டுக்கறியா?” என்பான். வாசிப்பெல்லாம் முடிந்த பிறகு, திங்கட்கிழமை, அவனே உட்கார்ந்து காய்கறிகளைக் களைந்து மரியாதையான பெயர்களைப் போட்டுக் கொடுப்பான். ஏன் இப்படி வைக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இவள் தன் புரோகிராமைத் திரும்பத் திரும்பக் காதில் கேட்பாள். மதியத்துக்குள் அது முழுவதும் உள்ளே படிந்துவிடும். பிறகு இந்த அறைக்கு வந்து, சுவரைப் பார்த்து, கண்ணை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, நடுவில் ஓர் இடத்தில் தடுக்கினாற்போல நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, ஒப்பிப்பாள். அந்தத் தடுக்கலைக்கூட அவள் பழகி வைத்திருந்தாள். ஒரு தடவையும் தடுக்காமல் வாசிக்கிறவரை யார் நம்புவார்கள்?

மேசைமேல் கவிழ்ந்திருந்த கைப்பேசியைத் திருப்பினாள். சிவப்புப் புள்ளி இன்னும் இருந்தது. காலையில் வந்த ஏதோ ஒரு செய்தி. அப்போது காதில் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் படிகிறது கலைந்துவிடும், அதனால் தொடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். அவளுக்கு அதில் என்ன? பக்கத்தில் இருப்பவர் சாப்பிடுவதை அவள் சாப்பிடுவாள். ஓட்டலுக்குப் போனால் பட்டியலைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீங்க சொல்றதே எனக்கும்,” என்பது வழக்கம். கல்யாணம் முடிந்த புதிதில் துரைப்பாண்டியுடன் போனபோதும் அப்படித்தான் சொன்னாள், அவர் ஆட்டு மூளை சொன்னார், இவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். மூன்றாம் தடவை அவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, சாமிக்குப் பூப்போடுகிறவர்போல ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். முடிவில், “இதுல என்ன வேணும், இப்பச் சொல்லு,” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பரோட்டா என்றாள். நேற்றுக்கூடச் சொன்னார்: “எத்தன வெள்ளிக்கிழமைக்கு ஒப்பிப்ப? சொல்லிரு அங்கை.” சொல்லலாம். சொல்லுவதற்கு ஒரு பெயர்கூட இருக்கிறது. ஒரு டாக்டர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்ததைச் சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டபோது அந்தப் பெயர் காதில் விழுந்தது. டிஸ்லெக்சியா. நறுக்கிய கை நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக முட்டாள்தனம் என்று நினைத்திருந்ததற்கு ஒரு பெயர், அதுவும் நல்ல மழைக்காலப் பூவின் பெயர்போல. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதச் சொன்னால் தன்னால் முடியாது என்று தோன்றியபோது சிரிப்பு வந்தது. வெங்காயமும் இருந்ததால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரிஸ்வானா ஓரிடத்தில் நின்றாள். திவாகரன் ஏதோ கேட்டான், அவள் பதில் சொன்னாள், மறுபடி ஓடத் தொடங்கினாள். குளம் வற்றிக்கொண்டு வந்தது. அவள் வாசிப்பதில் இன்னும் எவ்வளவு மீதி என்று சுவரின் ஓரத்தில் நகரும் பட்டையைப் பார்த்தால் தெரியும், அங்கயற்கண்ணி பார்க்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் நினைவுக்கு வந்தார். வரக்கூடாது என்று நினைத்தாலும் வெள்ளிக்கிழமைகளில் அவர் வந்துவிடுவார், வெளிர்நீலப் புடவையில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. ஐந்தாம் வகுப்பு. அன்றைக்குப் பாடம் வாசிக்க இவளை எழுப்பினார். முந்தின இரவே அண்ணன் வாசித்துக் காட்டியிருந்தான். புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு மழை பெய்வதுபோல வாசித்தாள். டீச்சர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். தலைக்கு மேலிருந்த விசிறிக் காற்றில் பக்கம் புரண்டது. ஒரு பக்கமல்ல, பல பக்கம், சரசரவென்று. எங்கேயோ ஒரு மயில் படத்தில் போய்ப் புத்தகம் நின்றது. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். மயிலைப் பார்த்துக்கொண்டு ஆற்றையும் அணையையும் வாசித்தாள். முதலில் முன்வரிசை சிரித்தது, பிறகு வகுப்பு முழுவதும். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு உடனே புரியவில்லை, அதுதான் இன்றைக்கும் சுடுகிறது. டீச்சர் அடிக்கவில்லை. திட்டவுமில்லை. கிட்டே வந்து பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு, மெல்ல, “உக்காரும்மா,” என்றார். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுவதும் வாசிக்கிற முறை அவளிடம் வரவேயில்லை. முன்னால் இருப்பவள் வரைக்கும் வரும், அவளைத் தாண்டிப் பின்னால் இருப்பவளுக்குப் போய்விடும், ஒரு பள்ளத்தைத் தாண்டுகிறதுபோல. கருணைதான் அது. கருணையினால் ஒரு பெண்ணைப் பள்ளமாக்க முடியும் என்று ஸ்டெல்லா டீச்சருக்குத் தெரிந்திருக்காது.

இங்கே தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? அதை அவள் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால்கூடத் தேவலை. வாசிக்க வராதவள் எழுதியதா ரத்த வங்கியில் ஓடுகிறது என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் பேச மாட்டார்கள். அவளை அனுப்ப மாட்டார்கள், நல்லவர்கள். இருக்கட்டும் என்று வேறு ஏதாவது கொடுப்பார்கள், விடுமுறைக் கணக்கு, வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுவது. புரோகிராம் மட்டும் அவளைத் தாண்டிப் போகும். மற்றவர்களுக்கு அது வேலை. அவளுக்கு அது ஒன்றுதான் நிற்கிற இடம். உள்ளே தள்ளித் தள்ளி எழுதப்பட்டிருக்கும் வரிகள் படிக்கட்டாகத் தெரியும். எந்தப் படி எந்தப் படிக்குள் இருக்கிறது, எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பது எழுத்தை வாசிக்காமலே தெரியும். பச்சைச் சொல், நீலச் சொல், ஆரஞ்சுச் சொல். அடைப்புக்குறி ஒன்று திறந்தால் இன்னொன்று எங்கோ மூடியே தீர வேண்டும், அந்த நியாயம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. எவ்வளவு நேரம் எடுத்தாய் என்று அது கேட்பதில்லை. சரியா என்று மட்டும் கேட்கும்.

“அக்கா, உங்க முறைங்க,” என்றான் திவாகரன்.

குளம் இல்லை. சுவரில் அவளுடைய புரோகிராம் இருந்தது. யாரோ மேசைமேல் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்கள். தண்ணீர் ஒரு மிடறு குடித்தாள், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள், தொடங்கினாள். முதல் திரை எப்போதும் வரும் முன்னுரைதான், என்னென்ன தேவை, எங்கிருந்து எடுப்பது. குரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. திவாகரன் தலையாட்டினான். பழகிய இடத்தில் ஒரு தடுக்கல் தடுக்கினாள். அடுத்த திரைக்கு நகர்த்தினாள். படிக்கட்டு வந்தது. வந்தபோதே ஏதோ ஒன்று உறுத்தியது. வரிகள் அவளுக்குத் தெரிந்ததைவிட நீளமாக இருப்பதுபோல, நடுவில் ஒரு படி கூடுதலாக இருப்பதுபோல. கண் அதைப் பார்த்தது. ஆனால் நாக்கு அதற்குள் கிளம்பிவிட்டது, இருட்டில் தெரிந்த வீட்டுப் படியில் கால் வைக்கிறவரைப்போல. “முருங்கைய எடுத்துக்கறோம். அதுல எந்தப் பைக்கு வெண்டை சின்னதா இருக்கோ அந்தப் பைய முன்னால கொண்டுவர்றோம். பூசணி பூஜ்யத்தவிடப் பெருசா இருந்தா, பூசணியிலருந்து ஒண்ணக் கழிச்சு...” வாசித்துக்கொண்டே போனாள். அறையில் சத்தம் மாறியது. யாரும் அசையவில்லை, அசையாமலே மாறியது. ஏ.சி. ஓடுகிற ஓசை தனியாகக் கேட்டது. ரிஸ்வானா களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். விசிறி இல்லாத அறையில் எங்கிருந்தோ பக்கங்கள் சரசரவென்று புரளும் ஓசை. மயில். அங்கயற்கண்ணி நிறுத்தினாள்.

“அக்கா,” என்றான் திவாகரன். “எங்கிருந்துங்க்கா வாசிக்கிறீங்க? பூசணி எங்கீங்க இருக்குது அங்க?”

சுவரைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மீன்கள் கலைந்தன. பூசணி இல்லை என்பதுகூட அவளுக்கு அவன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

“இந்தத் தடவ வாசிப்பு முடிஞ்ச கையோட அவங்களுக்கு அனுப்பணுமுங்க்கா. அதான் காலைலயே நான் பேரையெல்லாம் மாத்திப்போட்டேன். உங்களுக்கு மெசேஜும் போட்டேனுங்களே?”

சிவப்புப் புள்ளி. அவள் கை கைப்பேசியின்மேல் போய் நின்றது.

சேவியர் நாற்காலியை முன்னால் இழுத்தான். “லேய் மக்கா, அவ பழைய காப்பியப் படிச்சிட்டு வந்திருப்பா. அதே ஞாபகத்துல சொல்லிட்டா. காலையிலருந்தே தொண்டையும் செரியில்ல. இஞ்ச தா அங்கை, நான் வாசிக்கேன். நீ இரி.”

நீ இரி. உக்காரும்மா. எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அழகாக அந்தப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது. விசைப்பலகையை அவன் பக்கம் ஒரு சாண் தள்ளினால் போதும். எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், ஒப்புக்கொள்ளக் காத்திருந்தார்கள். தொண்டை சரியில்லை. தள்ளப் போனாள், கை பாதி தள்ளியும்விட்டது. ஆற்றையும் அணையையும் நினைத்தாள், முன்வரிசையை நினைத்தாள், தன்னைத் தாண்டித் தாண்டிப் போன ஒரு வருஷத்தை நினைத்தாள்.

“தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சேவியர்,” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “திவாகரன், எனக்கு வாசிக்க வராது.”

“என்னங்க்கா?”

“எழுத்து நிக்காது. சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான். கம்ப்யூட்டர வாசிக்கவிட்டுக் காதுல கேட்டுத்தான் எழுதுறேன். இங்க வந்து இதுவரைக்கும் வாசிச்சதெல்லாம் வாசிச்சதில்ல, ஒப்பிச்சது.”

“அப்ப அந்தப் பாட்டு?” என்றாள் ரிஸ்வானா.

“பாட்டு இல்லம்மா. புரோகிராம்தான்.”

யாரோ நாற்காலியில் நிமிர்ந்தார்கள். திவாகரன் அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது கோபமா, வேறெதாவதா என்று புரொஜெக்டர் வெளிச்சத்தில் தெரியவில்லை. “ரத்த வங்கிக்குப் போறதுங்க்கா இது,” என்றான்.

“தெரியும். அதனாலதான் சொல்றேன்.”

“இத நாம பேசணும். இப்ப இல்லீங்க. ஆனாப் பேசணும்.”

“பேசலாம்.”

“செரி. இப்ப என்ன பண்றது?”

“நான் வாசிக்கிறேன். நேரமாகும்.”

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவன் நின்ற இடத்திலிருந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். “வாசிங்க,” என்றான்.

உட்கார்ந்த இடத்திலிருந்து முடியாது என்று அவளுக்குத் தெரியும். எழுந்து சுவருக்குப் போனாள். வெளிச்சத்துக்குள் போனபோது வரிகள் சுவரைவிட்டு அவள் தோளிலும் முந்தானையிலும் ஏறின. கூடுதலாக இருந்த அந்தப் படியைத் தேடிக் கண்டுபிடித்து விரலை அதன் தொடக்கத்தில் வைத்தாள். விரலுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் நிழலாயிற்று. மீதி எழுத்துகள் புறங்கையில், நரம்புகளின்மேல், பொடிப்பொடியாக விழுந்து கிடந்தன. முதல் சொல் சின்னது, நீலம், தெரிந்த முகம். “இஃப்,” என்றாள். அடுத்தது நீளமானது. அதன் முதல் எழுத்தைப் பார்த்தாள், அது நழுவிற்று, காத்திருந்தாள், திரும்பி வந்தது. “எக்ஸ்,” என்றாள். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வேர்த்தது. “எக்ஸ்... பி... பை.” விரலை நகர்த்தினாள். “எக்ஸ்பைரி. எக்ஸ்பைரி டேட்.” ஓ, வெண்டை, நீயா? வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாயா? இரண்டு சமக் குறிகள், அவற்றில் தகராறில்லை. அதற்கடுத்தது மறுபடி கலைந்தது. முதலிலிருந்து தொடங்கினாள். வெளியே மழை கண்ணாடியில் விழத் தொடங்கியிருந்தது. அறையில் ஒருவரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை, கொடுக்காததற்கு அவள் உள்ளுக்குள் நன்றி சொன்னாள். “டு... டுடே. அப்புறம் கீழ... ஹோ... ஹோல்ட்.” நின்றாள். இப்போதுதான் அது வரியாக உள்ளே விழுந்தது. “எக்ஸ்பைரி இன்னைக்கின்னா, அந்தப் பைய அனுப்பாம தனியா எடுத்து வைக்கணும். யாராவது பாத்துட்டு முடிவு பண்ணணும்.” திரும்பினாள். வெளிச்சம் கண்ணில் அடித்தது, ஒருவர் முகமும் தெரியவில்லை. “இது நான் எழுதினதில்ல.”

“இல்லீங்க்கா. பேரு மாத்தறப்பத் தோணுச்சு, நான் சேத்தேன்.”

“வேண்டிய வரிதான். எனக்குத் தோணல.”

“உம்,” என்றான் திவாகரன் இருட்டிலிருந்து. “அடுத்த வரிங்க்கா.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி விரலை ஒரு படி கீழே இறக்கினாள்.